கழன்ற முகத்தைச் சுரண்டிவிடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் கை சும்மா இருப்பதில்லை, ஏதாவது ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, உன் பம்ப் விஷயத்துக்கு வருகிறேன். அதிர்வைத் தடுக்க அதன் அடித்தட்டில் நீ ஒட்டிய ரப்பர் கட்டைகள் இரண்டே மாதத்தில் கழன்றுவிட்டன, இதைவிட வலுவான பசை எது என்று கேட்டிருக்கிறாய். கழன்ற இடத்தை நன்றாகப் பார்த்தாயா? ரப்பர் கிழிந்து அதன் கறுப்புத் தோல் இரும்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் ஒட்டில் குறையே இல்லை, ரப்பர்தான் தாங்கவில்லை. பசை முழுக்க ரப்பரோடு உரிந்து வந்து இரும்பு வெறுமையாகத் தெரிந்தால் கோளாறு இரும்பின் பக்கம். பசை இரும்பில் தங்கிவிட்டு ரப்பர் மட்டும் வழவழவென்று பிரிந்திருந்தால் ரப்பரின் பக்கம். ரப்பர்-உலோக ஒட்டைச் சோதிக்கும் ஏஎஸ்டிஎம் டி429 என்ற தர முறையில்கூட எவ்வளவு விசையில் பிரிந்தது என்பதோடு எந்த இடத்தில் பிரிந்தது என்பதையும் குறிப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பட்டுத்தான் கற்றேன். மழைக்காலம். பிளாஸ்டிங் செய்த, அதாவது துகள்களை வேகமாக அடித்துச் சுத்தமாக்கிய, இரும்புத் தகடுகளைச் சாயங்காலம் அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பசைக்கு அடிப்பூச்சான பிரைமர் அடித்தேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. சில வாரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. உரிந்த பசைப் படலத்தின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் மெல்லிய செம்பழுப்பு, ஒரு தகட்டில் என் விரல் ரேகையே பதிந்திருந்தது. அன்றிலிருந்து பிளாஸ்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள் பிரைமர், அதுவரை வெறுங்கையால் தொடுவதில்லை. உன்னிடம் பிளாஸ்டிங் வசதி இல்லையென்றால் முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். காயவைத்து உடனே ஒட்டிவிடு.

ரப்பரின் பக்கம் இன்னும் தொல்லை. அச்சிலிருந்து எளிதாகக் கழல அடித்த சிலிக்கோன் மேலே இருக்கும். அதுவும் போதாதென்று காற்றிலுள்ள ஓசோனால் ரப்பர் வெடிப்பதைத் தடுக்க ரப்பருக்குள் சேர்த்த மெழுகு மெல்ல மேலே வந்துகொண்டே இருக்கும், அதனால் நேற்று துடைத்தது இன்றைக்கு உதவாது. வழவழப்பு போகும்வரை தேய்த்துவிட்டு, துடைக்கும்போது கரைப்பானில் நனைத்த துணிக்குப் பின்னாலேயே உலர்ந்த துணியும் போக வேண்டும். இல்லையென்றால் கரைந்த அழுக்கு அங்கேயே படிந்துவிடும்.

பசை என்று பார்த்தால், உடனடியாகப் பிடிக்கும் சயனோஅக்ரிலேட் நேராக இழுத்தால் நன்றாகத் தாங்கும், ஓரத்திலிருந்து உரித்தால் விட்டுவிடும், சாதாரண வகைக்கு 80 டிகிரிக்கு மேல் சூடும் ஆகாது. ரப்பர் கலந்த கறுப்பு வகை அதிர்வுக்கு எவ்வளவோ மேல். இருபக்கமும் பூசி உலரவிட்டு அழுத்தும் நியோப்ரீன் பசை, ஓயாத பாரத்திலும் சூட்டிலும் மெதுவாக நழுவும். உண்மையில் நம்பகமான ஒட்டு அச்சுக்குள் நடப்பதுதான். பிரைமரும் மேல்பூச்சும் அடித்த இரும்பின் மேல் வேகாத ரப்பரை வைத்து, ஏறக்குறைய 150 டிகிரியில் அழுத்தி வேகவைப்பார்கள். ரப்பர் வேகும்போதே பசையோடு பிணைந்துவிடும். அப்படி இரும்போடு சேர்த்தே செய்த ரப்பர் தாங்கி (மவுன்ட்) உன் அளவுக்குக் கிடைத்தால் ஒட்டும் வேலையே வேண்டாம், போல்ட் போட்டு முறுக்கிவிடு.

அப்புறம், பசைக்கு இடம் அதிகம் கிடைக்கட்டும் என்று மெல்லிய அகலமான ரப்பர் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் செய்யாதே. ரப்பரை அழுத்தினால் அதன் கன அளவு குறையாது, பக்கவாட்டில் பிதுங்கித்தான் இடம் கொடுக்கும். மேலும் கீழும் ஒட்டிவிட்டால் ஓரத்தில் மட்டுமே பிதுங்க முடியும், மெல்லியதாக இருந்தால் அதுவும் இல்லை, மரக்கட்டை போல விறைத்துவிடும். உன் மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25 அதிர்வு. அது தரைக்குப் போகாமல் தடுக்க, ரப்பர் மேல் உட்கார்ந்த பம்பின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது, 17-க்கும் கீழே இருக்க வேண்டும், 8 பக்கம் வந்தால் நல்லது. விறைத்த ரப்பரில் அது நடக்காது, ஒட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சரி.

கழன்ற கட்டைகளைத் தூக்கி எறிந்துவிடாதே, சுரண்டவும் வேண்டாம். ரப்பர் முகம், இரும்பு முகம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்