பேய்களும் தட்டச்சு இயந்திரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பதிப்பில் அமெரிக்கத் திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் பற்றி வெளிவந்த கட்டுரை, அவருடைய பேய்களைப் பற்றிப் பேசிய அளவுக்கு அவருடைய உழைப்பைப் பற்றிப் பேசவில்லை. 1947இல் மேய்ன் மாநிலத்தில் பிறந்த அவர், பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே, குடியிருந்த டிரெய்லர் வீட்டின் துணி துவைக்கும் அறையில் மனைவியின் தட்டச்சு இயந்திரத்தை வைத்து எழுதியவர். 1974இல் வெளிவந்த ‘கேரி’ நாவலின் முதல் பக்கங்களை அவர் கசக்கிக் குப்பைக் கூடையில் எறிந்துவிட, அவற்றின் மேலிருந்த சிகரெட் சாம்பலைத் தட்டி எடுத்துப் படித்து, மேலே எழுதச் சொன்னவர் மனைவி தபித்தா.

ஆண்டுக்கு ஒரு நாவல் போதும் என்று அன்றைய பதிப்புலகம் கருதியதால், ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரிலும் கிங் எழுதினார். அந்த ரகசியம் 1985இல் அம்பலமானது. 1999இல் சாலையோரம் நடந்து சென்றபோது வேன் மோதிப் படுகாயமடைந்தவர், சில வாரங்களிலேயே வலியோடு மீண்டும் எழுத உட்கார்ந்தார்.

பினாங்கின் சௌராஸ்தா சந்தை மாடியின் பழைய புத்தகக் கடைகளில், அட்டை கிழிந்த அவருடைய நாவல்களைத் தேடி வாங்கியவன் நான். (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பாட்டி சொன்ன முனிக் கதைகள் அவற்றுக்குச் சளைத்தவையல்ல என்பது வேறு விஷயம்.) அடுத்த முறை அவர் எழுதிய விதத்திற்கும் அரைப் பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு