கடலடிக் கப்பலும் கரையோர மக்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்குவது) கற்றுத்தருவது நல்ல விஷயம். ஆனால் அதில் நம் மீனவ மக்களுக்கு என்ன பங்கு?

போன வருடம் பாலித் தீவில் துலாம்பென் கிராமத்துக்குப் போயிருந்தேன். 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய 'லிபர்ட்டி' என்ற அமெரிக்கக் கப்பல் அந்தக் கரையிலேயே வெகுகாலம் கிடந்தது. 1963-இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. இப்போது கரையிலிருந்து நீந்தியே போய்விடலாம். மேல்பகுதி சுமார் 5 மீட்டர் ஆழம்தான். கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டி மிதந்தபடியே, பவளம் மூடிய இரும்பையும் அதற்குள் புகுந்து வரும் மீன் கூட்டத்தையும் பார்த்தேன். அதைவிட மனதில் நின்றவர்கள், கனமான காற்று சிலிண்டரைத் தலையில் சுமந்து கூழாங்கற்கள் மேல் நடந்த அந்த ஊர்ப் பெண்கள். கப்பல் அவர்களுக்குச் சோறு போடுகிறது.

நம் கடலுக்கும் கப்பல் கதை உண்டு. 1761 ஜனவரி 1-ஆம் தேதி புயலில், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயரின் நியூகேஸில், குயின்பரோ, புரொடெக்டர் கப்பல்கள் கரைதட்டி உடைந்தன. வேறு சில கப்பல்கள் ஆட்களோடு மூழ்கின. அடியில் எங்கே பார் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கிறது, எங்கே வலை சிக்கும் என்பது வீராம்பட்டினத்து மீனவப் பெரியவர்களுக்கு மனப்பாடம்.

சுற்றுலாத் துறை வழிகாட்டி, படகு வேலைகளில் மீனவ இளைஞர்களுக்கு முதலிடம் தரட்டும். பார்களின் மேல் நங்கூரம் விழாமல் படகு கட்ட மிதவைகள் வேண்டும். அப்புறம், கீழே கிடப்பதை எடுத்துவர யாரையும் விடக்கூடாது.

- ஒரு வாசகர், வைத்திக்குப்பம், புதுச்சேரி