மலைக் குழந்தைகளின் நீளத்தையும் அளந்து பதியக் கோரும் மனு

அனுப்புநர்:
சோளகர், ஊராளி பழங்குடிப் பெற்றோர்,
பர்கூர், கடம்பூர், தாளவாடி மலைக் கிராமங்கள்,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஈரோடு.

பொருள்: அங்கன்வாடிகளில் வளர்ச்சி குன்றல் பதிவு, ராகி வழங்கல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மலை அங்கன்வாடிகளில் எடை பார்ப்பது நடக்கிறது, நீளம்தான் தவறிப்போகிறது. இரண்டு வயது நிறைந்த ஆண் குழந்தை 10 கிலோ இருந்தால் எடைக் குறைவு என்று வராது, 9.7-க்குக் கீழே போனால்தான் வரும். அதே குழந்தை 79 செ.மீ. நீளம்தான் என்றால் வளர்ச்சி குன்றியது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் குறைந்தது 81.7 வேண்டும். பார்வைக்கு மெலிவும் தெரியாது. "அப்பனாட்டவே பொடிசு" என்று விட்டுவிடுகிறோம். 2022-இல் உதகையில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் கடும் மெலிவைத் தேடிப் பிடிக்கிறது, நல்லது. இந்தக் குழந்தை அதில் சிக்காது.

இரண்டு வயது வரை நீளம் அளக்கும் பலகையில் படுக்கவைத்தே அளக்க வேண்டும். ஒருவர் தலையைத் தலைப்பலகையோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்திக்கொண்டு பாதப்பலகையை உள்ளங்காலில் முட்டவிட வேண்டும். பணியாளர் ஒருவரே இருந்தால் குழந்தை காலை மடக்கும், அளவு கெட்டுவிடும். சுவர் டேப்பில் நிறுத்தினாலும் சுமார் 0.7 செ.மீ. குறைந்து வரும். ஆகவே பலகை வழங்கி, கிராம சுகாதார செவிலியர் வரும் தடுப்பூசி நாளிலேயே இருவராக அளக்க ஆணையிட வேண்டுகிறோம்.

சத்துமாவு ஒரு குழந்தைக்கு நாளைக்கு 500 கலோரி, 12–15 கிராம் புரதம் என்ற கணக்கில் வருகிறது. வீட்டில் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்காகிறது. நீர்க்கக் கரைத்த கஞ்சியில் சின்ன வயிறு சும்மா நிறைகிறது. கரண்டியைச் சாய்த்தாலும் சட்டென வழியாத பதம், மேலே ஒரு தேக்கரண்டி எண்ணெய்: இதை ஊருக்குள் வந்து ஒருமுறை கிண்டிக் காட்டச் சொல்லுங்கள். களியோடு குழந்தைக்கு வரக்காப்பி தருவது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் கெடுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். இரும்புச்சத்து சேர உதவும் நெல்லிக்காய் மலையிலேயே கிடைக்கிறது.

நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் 2023 முதல் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தருகிறார்கள். ராகி தின்று வளர்ந்த எங்கள் மலைகளுக்கும் அதை நீட்டிக்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

கரும்பு வெட்டுக்கும் காப்பித் தோட்டத்துக்கும் குடும்பத்தோடு போகும்போது குழந்தைக்கு மாவும் இல்லை, அளவும் இல்லை. இரண்டு வயதுக்குள் விட்ட வளர்ச்சியைப் பிறகு பிடிப்பது கடினம். கிளம்பும் முன் மாவை முன்கூட்டியே தந்து, கடைசி அளவைத் தாய் சேய் அட்டையில் கையால் எழுதித் தரவும் வேண்டுகிறோம். மலையில் சிக்னல் கிடைக்காத இடத்தில் அங்கன்வாடிப் பதிவுச் செயலியை மட்டும் நம்ப முடியாது.

இப்படிக்கு,
மலைக் கிராமப் பெற்றோர்
(கையொப்பங்களும் கைரேகைகளும் இணைப்பில்)