உன் கிட்டாரும் இந்த மலைக்காற்றும்

செண்பகனூர், கொடைக்கானல்

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் படிப்பை முடித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மே மாதம் வந்து, என்னிடம் விட்டுப்போன உன் கிட்டாரை எடுத்துப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் கிட்டாரின் மேல்பலகையில், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டைக்குக் கீழே, இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு விரிசல் விழுந்தது. இப்போது சரிசெய்தாகிவிட்டது. ஆனால் அது என் தவறு, மன்னித்துவிடு.

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வரும். தட்டில் வைத்த முறுக்கு காபி ஆறுவதற்குள் நமுத்துவிடும். கிட்டாரைச் சுவரில்தான் மாட்டியிருந்தேன். மேல்பலகை மெல்ல உப்பி, கம்பிகள் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான பிரெட்டை விட்டு மேலே எழும்பிவிட்டன. எஃப் கார்டு என்ற சுரக்கூட்டைப் பிடித்தால் விரல் நோகும், ஓசையும் மந்தமாகிவிட்டது. பூசணம் பிடித்துவிடுமோ என்று பயந்து, அலமாரிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு அதில் கொண்டுபோய் வைத்தேன்.

மழை இருந்தவரை அது உதவியது. தை பிறந்த பிறகும் பல்பை அணைக்காமல் விட்டதில்தான் வந்தது வினை. தையில் காலையில் புல்மேல் உறைபனி, பகலில் சுள்ளென்று வெயில், காற்றில் ஈரம் குறைவு. அந்தக் காற்றைச் சூடாக்கினால் இன்னும் காய்ந்துபோகும். 15 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றையே 35 டிகிரிக்குச் சூடாக்கினால் 25 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கிட்டார் கேட்பதோ 45-லிருந்து 55 வரை.

பிரெட் முனைகள் கழுத்தின் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறின. மரம் சுருங்கியது, உலோகம் சுருங்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். உன்னுடையது ப்ளைவுட் இல்லை, அசல் ஸ்ப்ரூஸ் மரப் பலகை. மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. மரம் ரேகைக்குக் குறுக்கேதான் அதிகம் சுருங்கும். உள்ளே குறுக்கே ஒட்டிய சட்டங்களோ அதை விடாது. அப்புறம் பிளக்காமல் என்ன செய்யும்?

பழுது பார்ப்பவர், உடனே பசை போட வேண்டாம், முதலில் மரம் ஈரம் குடிக்கட்டும் என்றார். சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த பஞ்சை அதில் வைத்து, என் பெட்டி ஒன்றுக்குள் கிட்டாரோடு வைத்து மூடினேன். இரண்டு வாரத்தில் விரிசல் தானாகவே சேர்ந்துகொண்டது. அப்புறம்தான் பசை போட்டு, உள்பக்கம் சிறு மரத்துண்டுகளை ஒட்டினார்.

இப்போது வாசித்தவுடன் கிட்டார் பெட்டிக்குள் போய்விடும். அறை முழுவதையும் கட்டுப்படுத்துவதைவிட ஒரு பெட்டியைக் கட்டுப்படுத்துவது எவ்வளவோ சுலபம். ஈரப்பத மீட்டர் ஒன்றும் உள்ளே இருக்கிறது. அதைச் சோதித்துவிட்டுத்தான் நம்பினேன்: பாட்டில் மூடியில் உப்பைக் கொட்டி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமாக்கி, மீட்டரோடு ஜிப் கவரில் போட்டு ஒரு நாள் வைத்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது. ஆறு கூட்டிப் படிக்கிறேன். மழைக்காலத்துக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஆனால் எண் 45-ஐ நெருங்கியதும் எடுத்துவிட வேண்டும். 49 சதவீதத்தில் நிறுத்துகிற பாக்கெட்டுகளும் கிடைக்கின்றன. ஈரம் கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும்; கெட்டியானால் மாற்ற வேண்டும். விலைதான் கொஞ்சம் அதிகம். உன் கிட்டாருக்கு அதையே வாங்கிவிட்டேன்.

மதுரைக்குக் கொண்டுபோவதுதான் இப்போது என் கவலை. இந்தக் குளிரிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போதே அனல் அடிக்கும். கார் டிக்கியில் வைக்காதே, உன் பக்கத்திலேயே வைத்துக்கொள். வீட்டுக்குப் போனதும் அன்று இரவு பெட்டியைத் திறக்காதே. ஏசி அறையில் வெளியே வைத்தால் மறுபடியும் காய்ந்துவிடும். ஏசி ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடுகிறது.

பையோடு வராதே, நல்ல கெட்டிப் பெட்டியாக ஒன்று வாங்கி வா. இரண்டு நாள் தங்குவதுபோல வா. விரிசல் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார், அப்புறம் எனக்கு வாசித்துக் காட்டு.

உன் பங்காளி