சங்கரலிங்கத்துக்கு, புது டிவி விஷயமாக

அன்புள்ள சங்கரலிங்கம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் திருச்சிக்கு மாற்றலாகிப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நம் கலர் லேப் இருந்த இடத்தில் மொபைல் கடை வந்துவிட்டது. போட்டோவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரை மட்டும் மாடியில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். காயலான் கடைக்காரர் இரண்டு தடவை விலை கேட்டுவிட்டார், கொடுக்க மனசு வரவில்லை.

சரி, டிவிக்கு வருகிறேன். கட்டு அவிழ்த்த நாளிலிருந்து, "டிவியில எல்லார் மூஞ்சியும் நீலம் பாரிச்சுக் கெடக்கு" என்று அம்மா சொல்வதாகவும், கண்ணில்தான் ஏதோ கோளாறோ என்று நீ பயப்படுவதாகவும் எழுதியிருந்தாய். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவை. ஆனால் எனக்குத் தோன்றுவது வேறு. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துப்போய் நீல ஒளியை உள்ளே விடாது. அதை எடுத்துவிட்டுத் தெளிவான லென்ஸ் வைத்ததும் இத்தனை வருஷம் வராத நீலம் வருகிறது. ஆபரேஷன் செய்துகொண்ட பலரும் இதைச் சொல்வார்கள், போகப்போகப் பழகிவிடும். அது ஒருபுறம் இருக்கட்டும். உன் டிவி உண்மையிலேயே நீலமாகத்தான் இருக்கும். உனக்கும் தங்கச்சிக்கும் அது கண்ணுக்குப் பழகிவிட்டது, அம்மா புதுக் கண்ணால் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டில் இப்போது டிவியைப் பற்றிச் சொல்லத் தகுதியான ஆள் அவர்கள்தான்.

காரணம் கடை. ஷோரூமில் வரிசையாக முப்பது டிவி, தலைக்கு மேல் பகலைப் போல லைட். அந்த இடத்தில் எது அதிக வெளிச்சமோ, எது அதிக நீலமோ அதைத்தான் கண் தேடிப் போகும். அதற்காகவே விவிட், டைனமிக் என்று ஒரு மோடு வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு ஹாலில் ஒரு டியூப்லைட் எரியும்போது அதே மோடில் பார்த்தால் கண் கூசாமல் என்ன செய்யும்? நம் தெருவில் கறுப்பு வெள்ளை டிவிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தகடு மாட்டுவார்களே, மேலே நீலம், நடுவில் செம்மண் நிறம், கீழே பச்சை. செய்தி வாசிப்பவருக்கு நெற்றி நீலமாகவும் தாடை பச்சையாகவும் இருக்கும், அதைக் கலர் டிவி என்று நம்பினோம். விவிட் மோடு அந்தத் தகட்டின் வாரிசு.

நீ செய்யவேண்டியது கொஞ்சம்தான். பிக்சர் மெனுவில் மோடை சினிமா அல்லது மூவி என்று மாற்று. ஃபிலிம்மேக்கர் என்று ஒன்று இருந்தால் அது இன்னும் நல்லது, 2019இல் அறிவித்தார்கள். ஸ்கார்செஸி, நோலன் மாதிரி இயக்குநர்கள் ஆதரித்து, டிவி கம்பெனிகளும் ஸ்டூடியோக்களும் சேர்ந்து கொண்டுவந்த மோடு. படத்தை எடுத்தவர்கள் பார்த்தபடியே காட்டு, உன் கைவரிசையைக் காட்டாதே என்று டிவிக்குச் சொல்வதுதான் அதன் வேலை. பிறகு கலர் டெம்பரேச்சர் என்ற இடத்தில் வார்ம், அதாவது நீலம் குறைந்த வெள்ளை, இருக்கிறதா என்று பார். வார்ம் 1, வார்ம் 2 என்று இருந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான் சரியாக வரும்.

இதன் கணக்கு உனக்குப் பிடிக்கும். எச்.டி. படத்துக்கு வெள்ளை என்றால் எந்த வெள்ளை என்பதற்கு உலகம் முழுக்க ஒரே அளவு உண்டு, சுமார் 6,500 கெல்வின். கெல்வின் என்பது வெள்ளையின் சாயலை அளக்கிற அலகு, எண் கூடக் கூட நீலம். கடையில் இருந்த கோலத்தில் பல டிவிகள் 9,000ஐத் தாண்டி நிற்கும். படத்துக்குக் கலர் திருத்துகிறவர் இருட்டறையில் 6,500 வைத்த மானிட்டரைப் பார்த்துக்கொண்டு, கதாநாயகியின் கன்னத்தில் எவ்வளவு சிவப்பு வேண்டும் என்று நிதானமாக முடிவு செய்திருப்பார். அதன் மேல் உன் டிவி ஒரு வாளி நீலத்தைக் கொட்டுகிறது.

வார்ம் வைத்த அன்றைக்கு வீட்டில் எல்லோரும் "மஞ்சளா இருக்கு, அழுக்கா இருக்கு" என்பார்கள். மாற்றாதே. லேபிலும் இதே கதைதான். நீலம் ஏறிய பிரிண்டையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் சரியான பிரிண்ட் மஞ்சளாகத் தெரியும், அதனால்தான் பக்கத்தில் எப்போதும் ஒரு சாம்பல் நிற அட்டை வைத்திருப்போம். ஒரு வாரம் விட்டுவிட்டுப் பழைய மோடுக்குப் போய்ப் பார், ஐஸ் பெட்டிக்குள் இருந்து ஒளிபரப்புகிற மாதிரி இருக்கும்.

உன் டிவியின் கலரைப் பரிசோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போடுவது. சிரிக்காதே. கலர்ப் படத்தில் சட்டை என்ன நிறம் என்று உனக்குத் தெரியாது, டிவி எதைக் காட்டினாலும் நம்பிவிடுவாய். கறுப்பு வெள்ளையில் கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல், அவ்வளவுதான். சாம்பலில் நீலமோ பச்சையோ எட்டிப் பார்த்தால் அது டிவி போட்ட சாயம். சிவாஜி படம் ஏதாவது ஓடும்போது வெள்ளைச் சுவரையும் நிழலையும் கவனி. அப்படியே இன்னொன்றும் பார்த்துக்கொள். அந்தக் காலப் படம் கிட்டத்தட்ட சதுரம், திரையின் இரண்டு பக்கமும் கறுப்பாக இருப்பதுதான் முறை. காசு கொடுத்து வாங்கிய திரை வீணாகிறதே என்று இழுத்து வைத்தால் சிவாஜி குண்டாகிவிடுவார். சினிமாஸ்கோப் படத்தில் மேலும் கீழும் பட்டை வருவதும் அப்படித்தான், அம்மாவிடம் சொல்லிவிடு.

அடுத்து பிரைட்னஸும் கான்ட்ராஸ்ட்டும். பேரை நம்பி ஏமாறாதே. பல டிவிகளில் பிரைட்னஸ் என்பது கறுப்பு எவ்வளவு கறுப்பு என்பதைத்தான் மாற்றும், வெள்ளையின் உச்சத்தைப் பார்த்துக்கொள்வது கான்ட்ராஸ்ட். மொத்த வெளிச்சத்துக்கு பேக்லைட் என்று தனியாக ஒன்று இருக்கும், அம்மாவுக்குக் கண் கூசினால் குறைக்கவேண்டியது அதைத்தான். பி.பி.சி.யின் இன்ஜினியர்கள் இதற்கென்று ஒரு கோடுபோட்ட படமே உண்டாக்கினார்கள், பெயர் ப்ளூஜ். கறுப்பைவிடக் கொஞ்சம் அதிகக் கறுப்பில் ஒரு கோடு, கொஞ்சம் குறைந்த கறுப்பில் ஒரு கோடு. முதலாவது மறைந்து இரண்டாவது மட்டும் லேசாகத் தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். நமக்கு அதுகூட வேண்டாம். மல்லிகைப்பூ வைத்த பின்னலைக் கிட்டத்தில் காட்டும்போது படத்தை நிறுத்து. நம் டிவியில் அதற்கா பஞ்சம்? முடி தார் பூசியது மாதிரி ஒரே திட்டாக இருந்தால் பிரைட்னஸைக் கொஞ்சம் ஏற்று, சாம்பல் பூத்திருந்தால் இறக்கு. இழை இழையாகத் தெரிந்தும் கறுப்பு கறுப்பாகவே இருக்க வேண்டும். பூவில் இதழ் பிரியாமல் வெறும் வெள்ளைக் கட்டியாக இருந்தால் கான்ட்ராஸ்ட்டைக் குறை. வேட்டி மடிப்பை வைத்தும் பார்க்கலாம். இதை ராத்திரி, நீங்கள் வழக்கமாகப் பார்க்கிற வெளிச்சத்தில் செய். அதற்கு முன்னால் மின்சாரச் சிக்கனம், அறை வெளிச்சத்துக்குத் தானாக மாறுவது இதெல்லாம் இருந்தால் அணைத்துவிடு. இல்லாவிட்டால் நீ ஒன்று வைக்க அது ஒன்று வைக்கும்.

ஷார்ப்னஸைக் குறை. அது இல்லாத நுணுக்கத்தை எங்கிருந்தும் கொண்டுவராது, ஓரங்களில் கோடுதான் போடும். செய்தியில் கீழே ஓடும் எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு பிசிறு தெரிகிறதே, அது மறையும் வரைக்கும் இறக்கு. எல்லா டிவியிலும் பூஜ்யம்தான் சரி என்று இல்லை, சோனியில் நடுவில் 50, அதற்குக் கீழே போனால் மங்கும். அந்த ஓடும் எழுத்தே பாதி வெட்டுப்படுகிறது என்று எழுதியிருந்தாயே, அது பழைய பிக்சர் டியூப் காலத்துப் பழக்கம். அப்போது ஓரம் ஒழுங்காக வராது என்று படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி விளிம்பைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். இப்போது அதற்குத் தேவையே இல்லை. ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும், அதைப் போட்டுவிடு.

படம் பார்த்தால் சீரியல் மாதிரி இருக்கிறது என்று தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சினிமா நொடிக்கு 24 படம். டிவி இரண்டு படத்துக்கு நடுவில் தானாக ஒரு படத்தைக் கற்பனை செய்து சொருகுகிறது. அசைவு வழவழவென்று ஆகி, செட் போட்டு வீடியோவில் எடுத்த மாதிரி ஆகிவிடும். இதற்கு சாம்சங்கில் பெயர் மோஷன் பிளஸ், எல்.ஜி.யில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. 2018 டிசம்பரில் டாம் குரூஸே ஒரு வீடியோ போட்டு, தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அணைத்துவிடு. பேரன் கிரிக்கெட்டுக்கு வேண்டும் என்று அடம் பிடித்தால் ஸ்போர்ட்ஸ் மோடில் மட்டும் வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பழைய பாட்டு டிவியில் ஒரு சுருதி ஏறிக் கேட்கிறது என்று நீ முன்பு ஒரு தடவை சொன்னது ஞாபகம் இருக்கிறது. உன் காது காதுதான். நம் ஊர் டிவி முறை நொடிக்கு 25 படம். 24 படக் கணக்கில் எடுத்ததை அப்படியே 25இல் ஓட்டிவிடுவது அந்த முறையில் பழைய வழக்கம். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும். சுருதியைத் தனியாகத் திருத்தாமல் விட்டால், ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில் உள்ள தூரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஏறி நிற்கும். இதற்கு ரிமோட்டில் மருந்து கிடையாது.

வேறு யாரோ தங்கள் டிவியில் வைத்த பிக்சர் நம்பர்களைப் பெங்களூருவிலிருந்து மாப்பிள்ளை அனுப்பினாரே, அதைப் பார்த்து அப்படியே வைக்காதே. ஒரே மாடலில் இரண்டு டிவி ஒரே மாதிரி வராது. அதிலும் ஒயிட் பேலன்ஸ் என்று சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியாக இருப்பதைத் தொடவே தொடாதே. அது மீட்டர் வைத்து அளந்து செய்கிற வேலை, அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். செய்தியும் சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கிற வீட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

முக்கியமானதைக் கடைசியில் எழுதுகிறேன். டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பார், செட்டாப் பாக்ஸிலிருந்து வருவது சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று பின் வயரா, தட்டையான ஒற்றைப் பின் எச்.டி.எம்.ஐ. வயரா? பழைய டிவியைக் கழற்றிய கையோடு அந்த மூன்று பின்னையே சொருகிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. மஞ்சள் வயரில் 576 கோட்டுக்கு மேல் வராது, நீ எச்.டி. சேனலுக்குக் காசு கட்டியும் பிரயோஜனம் இல்லை. எச்.டி.எம்.ஐ. என்றால் பாக்ஸின் மெனுவில் 1080 இருக்கிறதா என்று பார். சேனல் நம்பரையும் பார்த்துக்கொள், ஒரே சேனலுக்கு சாதா நம்பர் ஒன்று, எச்.டி. நம்பர் ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். அம்மா பழக்கத்தில் பழைய நம்பரைத்தான் அழுத்துவார்கள்.

ஆவணியில் கல்யாணத்துக்கு எப்படியும் தூத்துக்குடி வருவேன், ஒரு நாள் உங்கள் வீட்டில் தங்குகிறேன். அம்மாவுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. எந்த வயர் என்று பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
தங்கராஜ்
மதுரை