போட மாட்டேன் என்று சொன்ன தம்பிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

மாத்திரைப் போதைக்கான சிகிச்சை முடிந்து மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். சாப்பிடுகிறான், தூங்குகிறான், அம்மாவிடம் சண்டை கூடப் போடுகிறான். போனில் விசாரித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குக் கை வராது. அவனும் இதைப் படிப்பான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ராத்திரி நேரம் என்று பார்க்காமல் ஆட்டோவை எடுத்து வந்து, வாடகை வாங்காமலே போனவர். அறுப்பு மெஷின் வயலில் இறங்கிய அன்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்க, எனக்குப் பதிலாக வரப்பில் நின்ற மைத்துனர். உளுந்து பறிக்க ஆள் கூட்டி வந்த சின்னம்மா. நெல் கொள்முதல் நிலையத்தில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்த சக பில் கிளார்க். பையன் பெயரை அடிக்காமல் வைத்திருந்த பாலிடெக்னிக் வாத்தியார். சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்டு வந்த பையன்களைத் திருப்பி அனுப்பிய மெடிக்கல்காரர் (எல்லாக் கடையும் அவர் மாதிரி இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது). வார்டு நர்சம்மா, ஆலோசகர் அம்மா. ஒன்றும் கேட்காமல் தூக்குவாளியில் ரசம் சாதம் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டார். ஒன்றும் கேட்காமல் இருந்ததற்குத் தனியாக ஒரு நன்றி. எல்லோர் வீட்டுக்கும் வந்து நேரில் சொல்வேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக வேறு ஒருவனுக்கு.

அவனை உங்களில் பலருக்குத் தெரியும். நன்றி சொல்லும் இடத்தில் அவனை யாரும் தேட மாட்டீர்கள், அவ்வளவுதான். எங்கள் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். ஒரு சிப்பம் 40 கிலோ. தை, மாசியில் லாரி நிறைகிற வரைக்கும் முதுகை நிமிர்த்த முடியாது. இடுப்பு வலிக்கு என்று ஆரம்பித்த மாத்திரை, அப்புறம் வலி இல்லாத நாளிலும் மாத்திரை, அப்புறம் அதே மாத்திரை ஊசியில். ஊரில் அவனுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை நான் எழுத மாட்டேன். டீக்கடையில் எல்லோருக்கும் கிளாஸ், அவனுக்கு மட்டும் பேப்பர் கப். அவன் இருக்கும் பக்கம் போகாதே என்றுதான் எல்லா வீட்டிலும் பிள்ளைகளை மிரட்டி வளர்க்கிறோம்.

அவனிடம்தான் என் மகன் போய்க் கேட்டிருக்கிறான், எனக்கு ஊசி போட்டுவிடு என்று.

அதுவரை மகன் மாத்திரையை முழுங்குவதோடு நின்றிருந்தான். பிறகு அந்தப் பழைய பம்புசெட்டுக் கொட்டகையில் தினமும் ஒரே பேச்சு. முழுங்குவது வீண் செலவு, ஊசியில் பாதி போதும், ஏறுவதே வேறு மாதிரி என்று. முழுங்குகிறவனுக்கு அந்த செட்டில் 'பால்குடி' என்று பெயர். இருபது வயதுப் பையனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? யாரும் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான், கேட்டான், கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. முதலில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டதாகச் சொல்கிறான். அப்புறம் திருப்பவில்லை. அப்புறம் தனக்கும் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

ஆனால் தனக்குத்தானே போட்டுக்கொள்ள அவனுக்குத் தெரியாது. தெரிந்த கை வேண்டும். இதில் ஒரு வழக்கம் இருக்கிறதாம், மகன் சொல்லித்தான் எனக்கே தெரியும். போட்டுவிடுகிறவனுக்குக் கொண்டுவருகிறவன் பங்கு கொடுக்க வேண்டும். ஆக, அந்த மூட்டை தூக்குகிற தம்பிக்கு என் மகன் நல்ல வரும்படி. கையில் காசில்லாத, உடம்பு நடுங்குகிற ஒரு நாளில்தான் இவன் போய் நின்றிருக்கிறான். பங்கு தருகிறேன் என்றானாம். போனைக் கூடத் தருகிறேன் என்றானாம்.

"போட மாட்டேன்டா. எவன்கிட்டயும் கேக்காத."

இவன் விடவில்லை, அடுத்தடுத்து போயிருக்கிறான். அவன் சட்டைக் கையை மடித்து, முழங்கைக்குக் கீழே சீழ் கட்டி அறுத்த இடத்தைக் காட்டியிருக்கிறான். மாத்திரை வயிற்றுக்குச் செய்தது. அதில் மருந்து மட்டுமா இருக்கிறது, மாவும் டால்க்கும் சேர்த்துத்தான் அழுத்தியிருப்பார்கள். ரத்தக் குழாய்க்குள் போனால் அது கரையாது. அடைக்கும், புண்ணாக்கும், நுரையீரல் வரைக்கும் போகும், விரலையே எடுக்க வேண்டியும் வரலாம். இதையெல்லாம் டாக்டர் எனக்குப் பிறகு விளக்கினார். அந்தத் தம்பி விளக்கம் எதுவும் சொல்லவில்லை, கையை மட்டும் காட்டினான்.

அன்றிலிருந்து என் மகனோ வேறு சின்னப் பையன்களோ கொட்டகைக்கு வந்தால், அவன் தன் பொருளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவானாம். அவர்கள் கண் முன்னால் போட்டதே இல்லை. அவன் செட்டு ஆட்களே கேலி செய்திருக்கிறார்கள், பெரிய மகான் என்று.

அப்புறம் அவன் என்னிடம் வந்தான். லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. கூலிக் கணக்கு கேட்க வருகிறவன் மாதிரி மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, குரலை இறக்கி, "சார், தம்பி மாத்திரை போடுது. இப்ப ஊசிக்கு அலையுது. நான் போடல. வேற எவனாச்சும் போடுறதுக்குள்ள கூட்டிட்டுப் போங்க" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அவன் அதற்குக் காத்திருக்கவும் இல்லை, அடுத்த சிப்பத்தைத் தூக்கப் போய்விட்டான்.

என்னிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவன் யோசிக்காமல் இருந்திருப்பானா? நீதான் என் பிள்ளையைக் கெடுத்தாய் என்று நான் சட்டையைப் பிடித்திருக்கலாம். போலீசுக்குச் சொல்லியிருக்கலாம். மேஸ்திரியிடம் சொல்லி அவன் கூலியையே நிறுத்தியிருக்கலாம். ஊரில் பத்தில் ஒன்பது பேர் அதைத்தான் செய்வார்கள் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஆலோசகர் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முதல் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறவர்கள் குறைவு என்றார். உலகம் முழுக்க அநேகமாக இதே கதைதான். போட்டுவிடுவது பழகிய கை. நண்பன், அண்ணன், சொந்தக்காரன். பெண்களுக்கு என்றால் பல சமயம் காதலனோ கணவனோ. விற்கிறவன் போட்டுவிடுவது அபூர்வம். இங்கிலாந்தில் நீல் ஹன்ட் என்பவரும் கூட இருந்தவர்களும் 1998-இல் இதை வைத்தே ஒரு வேலை செய்து பார்த்திருக்கிறார்கள். ஊசி போடாதவர்களிடம் போய் போடாதே என்று சொல்வதற்குப் பதிலாக, ஏற்கெனவே போடுகிறவர்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். போடாதவன் முன்னால் போடாதே, அவனிடம் அதன் பெருமையைப் பேசாதே, வந்து கேட்டால் எப்படி மறுப்பது என்று இப்போதே யோசித்து வை. இவ்வளவுதான். அதற்குப் பிறகு போட்டுவிடு என்று கேட்டு வருகிறவர்களே குறைந்தார்கள். போடுகிறவர்களில் பலருக்கு, இன்னொருவனை இதில் இறக்கிவிடுவது ஏற்கெனவே மனசுக்கு ஒப்பாத காரியமாக இருந்ததும் அப்போது தெரிய வந்தது. எங்கள் தம்பியிடம் அப்படி யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அவனாகவே செய்தான்.

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒன்று உறுத்துகிறது. ஒவ்வொரு ஜூன் 26-ஆம் தேதியும் போதை ஒழிப்பு ஊர்வலம் போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மண்டையோடு வரைந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்கிறார்கள், கடைத்தெருவில் மோர் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் ஊசியை முதலில் யார் கை போடுகிறதோ அந்தக் கைக்காரன் ஊர்வலத்துக்கு வருவதில்லை, நாமும் கூப்பிடுவதில்லை. அவனைத் துரத்தத் துரத்த, அவனுக்கு மிஞ்சுவது கொட்டகையும் அங்கே வரும் சின்னப் பையன்களும்தான். விற்கிறவனைப் பிடிக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் போடுகிறவனிடம் மனுஷன் மாதிரிப் பேசவும் நாலு பேர் வேண்டும்.

இதெல்லாம் மணிப்பூர், பஞ்சாப் விவகாரம் என்று இன்னும் சிலர் என்னிடம் சொல்கிறார்கள். எய்ம்ஸ் நடத்திய கணக்கெடுப்பின் அறிக்கை 2019-இல் வந்தது. நாட்டில் ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்கிறவர்கள் சுமார் எட்டரை லட்சம் என்று அதில் இருக்கிறது. அது எந்த மாநிலமாக இருந்தால் என்ன, வெண்ணாற்றங்கரையில் ஒரு பையன் கேட்டான், ஒருவன் மறுத்தான். எனக்கு அந்தக் கணக்கு போதும்.

மகனுக்கு நம்பிக்கை மையத்தில் (அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியபோது வீட்டுக்காரி அழுதாள், நானும்தான். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எவ்வளவு சுலபமாகத் தொற்றும் என்று அங்கே இருந்தவர் சொல்லச் சொல்ல, எனக்கு அந்தத் தம்பியின் கைதான் நினைவில் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் காவல் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது, ஒரு நாள் சபலத்தில் பழையபடி எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். இருக்கிறோம். கபடி செட்டுப் பையன்கள் எப்போதும் போலச் சாயங்காலம் வாசலில் வந்து அவனைக் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கும் நன்றி, மேலே விட்டுப்போயிற்று.

இதே நிலைமையில் இருக்கும் வீடுகளுக்கு, எனக்கு இப்போது தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். 14446 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். வழக்கு வருமே என்று பயந்து ஒளித்து வைக்காதீர்கள். தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சைக்குச் சேர்ந்து அதை முழுசாக முடிக்கிறவருக்கு, பயன்படுத்திய குற்றத்திலிருந்து 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. வக்கீல் மாப்பிள்ளை எடுத்துக் காட்டினார். சட்டென்று நிறுத்த முடியாதவர்களுக்கு, மருத்துவர் பார்வையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்து ஊசியிலிருந்து மெல்ல இறக்கும் சிகிச்சையும் இருக்கிறது.

இப்போது அந்தத் தம்பி விஷயம். அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரு மட்டும் வேணாம் சார்" என்றான். யார் என்று புரிந்தவர்கள், புரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாமல் இருங்கள். டீக்கடை அண்ணனிடம் நான் பேசிவிட்டேன், இனி அவனுக்கும் கிளாஸ்தான்.

அவனைச் சிகிச்சைக்குக் கூட்டிப் போகாமல் விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். முதலில் ரத்தப் பரிசோதனை. ஒருவேளை ஹெபடைடிஸ் சி இருந்தாலும் பயமில்லை. அதற்குப் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகும், 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகவே தருகிறார்கள். அவன் அம்மாவிடம் பேசினேன், சரி என்றார். அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "குறுவை முடியட்டும் சார்" என்கிறான். படுத்துவிட்டால் சிப்பக் கூலி நின்றுவிடும், வீட்டில் அடுப்பு எரியாது என்பது அவன் கணக்கு. அதில் தப்பில்லை.

அதனால் அவன் சிகிச்சையில் இருக்கும் நாட்களுக்கு அவன் வீட்டு அரிசி, மளிகை, பஸ் செலவு என் பொறுப்பு. கூடச் சேர விரும்புகிறவர்கள் என்னிடம் சொல்லுங்கள். அவனிடம் சொல்ல வேண்டாம், கூச்சப்பட்டு வராமல் இருந்துவிடுவான்.