செயலாளரின் ஆண்டறிக்கை 2025: வராதவர்களைத் தேடிப் போன வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, செயலவை நண்பர்களே, சக உறுப்பினர்களே, கணவரோடும் கணவருக்குப் பிறகும் நம்மோடு நிற்கும் தாய்மார்களே, வணக்கம்.

மலேசியாவின் பட்டர்வொர்த் வட்டாரத்து முன்னாள் படைவீரர்களான நம் சங்கம் 2025 இல் என்ன செய்தது என்பதை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியில் வழக்கம்போல் மோர்ப்பந்தல் போட்டோம். ஜூலை 31, வீரர் தினத்தன்று, கோயில் மண்டபத்தில் மறைந்த தோழர்களுக்கு அஞ்சலியும் மதிய உணவும் நடந்தன. தமிழ்ப்பள்ளித் திடலில் ஒரு ஞாயிறு துப்புரவுப் பணி. தீபாவளிக்கு வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், பலகாரம் கொடுத்தோம். நவம்பரில் பெரி ஏறி அக்கரையில் பினாங்குத் தீவுக்குப் போய், பாடாங் கோத்தா நினைவுத் தூணில் மலர்வளையம் வைத்தோம். செயலவைக் கூட்டங்கள் நடந்தன. ஒன்று மட்டும் ஆள் போதாமல் தள்ளிவைக்கப்பட்டது.

ஆள் போதாமைதான் இந்த அறிக்கையில் நான் விரிவாகப் பேச வேண்டிய விஷயம்.

பேரேட்டில் 94 பேர் இருக்கிறோம். சென்ற பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்கள் 27 பேர். இரண்டு வருடத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் நாற்பதைத் தாண்டும். மார்ச் மாதச் செயலவையில், சட்டவிதிப்படி அவர்கள் பெயரை நீக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. விதியில் அதற்கு இடம் உண்டு. யோசனை சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் நான் எதிர்த்தேன். ஏன் எதிர்த்தேன் என்று அன்றைக்கு முழுதாகச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் 1980 இல் பொறியியல் படையில் சேர்ந்தவன். கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வேலை அப்போது முடியும் தறுவாயில் இருந்தது; 1982 இல் திறந்தார்கள். இன்றைக்கு அந்த வழியில் போகிறவர்கள் யானை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறார்கள். அன்றைக்குச் சாலை போடுகிறவர்களுக்குக் காவலாகப் பட்டாளம் காட்டுக்குள் கிடந்தது. கம்யூனிஸ்டுகளை எதிர்த்து நடந்த அவசரகாலம் 1960 இல் முடிந்தது என்று படித்த பிள்ளைகளிடம், 1968 இல் சண்டை மறுபடி தொடங்கி 1989 டிசம்பர் 2 ஹட்யாய் ஒப்பந்தம் வரை நீடித்தது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நம் உறுப்பினர்களில் பலர் தங்கள் இருபது வயதைக் கழித்தது அந்தக் காலத்தில், அந்தக் காட்டில்தான்.

ரோந்து போகும்போது, இருட்டுவதற்கு முன் ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் துப்பாக்கியோடு படுத்து வெளிப்பக்கம் பார்த்திருப்போம். பேச்சு கூடாது, வெளிச்சம் கூடாது. செக்‌ஷன் தலைவர் தவழ்ந்து வந்து ஒவ்வொருவர் தோளையும் தொட்டுவிட்டுப் போவார். அதுதான் எண்ணிக்கை. ஒரு தோள் குறைந்தால் அன்று இரவு யாருக்கும் தூக்கம் கிடையாது. அவனை நமக்குப் பிடிக்குமா, வாங்கிய கடனைத் திருப்பித் தந்தானா, நம் ஊர்க்காரனா, கெலந்தான் மலாய்க்காரனா, சரவாக் ஈபானா என்பதெல்லாம் அப்போது யார் நினைவுக்கும் வராது. ஆள் எங்கே? அவ்வளவுதான். பெயரை அடித்துவிட்டு மேலே நடப்பது என்ற வழக்கம் அங்கே இல்லை.

பட்டாளத்தில் இருந்தவர் என்றால் விடியற்காலை எழுவார், சொன்ன நேரத்துக்கு வருவார், சட்டையை மடிப்புக் கலையாமல் போடுவார் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது எல்லாம் பழக்கம். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் பாதி கரைந்துவிடும். என் அனுபவத்தில், கரையாமல் நிற்பது இந்த ஆள் கணக்குதான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் யார் வந்திருக்கிறார்கள் என்பதற்கு முன் யார் வரவில்லை என்பது கண்ணில் படுகிறது. பார்வை அப்படி மாறிவிட்டது. இந்தப் பார்வையை நாம் சங்கத்துக்குள் கொண்டுவராவிட்டால், முன்னாள் படைவீரர் சங்கம் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

சரி. அதனால்தான் வராதவர்களின் வீட்டுக்கு நேரில் போவது என்று முடிவு செய்து, துணைத்தலைவர் அண்ணனும் நானும் ஏப்ரலில் கிளம்பினோம். சந்தா வசூலிக்கப் போகிறோம் என்று சிலர் பேசிக்கொண்டதைக் கேட்டேன். ரசீதுப் புத்தகத்தை நாங்கள் எடுத்துக்கொண்டே போகவில்லை.

பிறையில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை செய்யும் ஒருவரை முதலில் பார்த்தோம். இரவில் பன்னிரண்டு மணி நேர வேலை. நாம் கூட்டம் வைக்கும் ஞாயிறு காலைதான் அவர் தூங்கும் நேரம். அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. அவர் 21 வருடம் முடிக்காமல் வெளியே வந்தவர், பென்ஷன் கிடையாது. நம் சங்கம் பென்ஷன்காரர்களுக்கும் பதக்கம் வைத்திருப்பவர்களுக்கும்தான் என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறார். படைவீரர்களுக்கான சேமநிதியில் வந்த பணம் மகள் கல்யாணத்தோடு முடிந்துவிட்டது. பென்ஷன் இல்லாதவர்களுக்கும் படைவீரர் விவகார இலாகாவில் உதவித்தொகைக்கு மனுச் செய்ய வழி இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அவர் கொடுத்த தாள்களைப் பார்த்தபோதுதான் வேறொரு சிக்கல் தெரிந்தது. அடையாள அட்டையில் பெயர் ஒரு எழுத்துக்கூட்டல், பணிவிடுப்புச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல். அப்பா பெயரும் அப்படியே. நம் தமிழ்ப் பெயர்களை மலாயில் எழுதும்போது ஒவ்வொரு குமாஸ்தாவும் காதில் விழுந்தபடி எழுதியதன் விளைவு இது. ஓர் அலுவலக முகப்பில் அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறார்கள். சத்தியப் பிரமாணம் எழுதி, பழைய படைப்பிரிவு எண்ணைத் தேடி எடுத்து மனுவைச் சேர்த்தோம். அவர் மூலமாக இதே நிலையில் உள்ள வேறு சிலரும் தெரியவந்தார்கள். இந்த வருடம் நான் செய்த வேலையில் பாதி இந்தத் தாள்களோடுதான் போனது. செயலாளர் சங்கக் கடிதங்களுக்குத் தாமதமாகப் பதில் போடுகிறார் என்று குறை சொன்னவர்கள் இதைக் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் உறுப்பினர் காட்டில் ஜெரங்காப் சாமார் என்ற மறைவெடி வெடித்து ஒரு பாதத்தை இழந்தவர். செயற்கைக் காலோடு மாடி ஏற முடியாது. நம் கூட்டமோ மாடியில். அவர் அதை ஒரு புகாராகக்கூடச் சொல்லவில்லை. நான் கேட்டதால் சொன்னார். ஆகஸ்டு முதல் கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியிருக்கிறோம். மின்விசிறி குறைவு, வெளியே சத்தம் அதிகம், தெரியும். இருந்தாலும் மேலே திரும்பிப் போகும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். அவர் இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருகிறார், நமக்கு முன்னால் வந்துவிடுகிறார்.

போஸ்னியாவுக்குப் போய்வந்த நண்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1993 இல் நம் படை ஐக்கிய நாட்டுக் கொடியின் கீழ் கோன்யிச், யப்லானித்சா பக்கம் இருந்தது. கூட்டத்துக்கு வந்தால் எல்லோரும் போர்க்கதை கேட்கிறார்கள், அதனால்தான் வருவதில்லை என்றார். அவர் பார்த்தது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் விரட்டியதை. ஒரே மொழி பேசி, ஒரே கடையில் ரொட்டி வாங்கி, பிள்ளைகளை ஒரே பள்ளிக்கு அனுப்பியவர்கள். அங்கிருந்து வந்தபின், ஒட்டுக்கடையில் யாராவது இனத்தைப் பற்றி மட்டமாகப் பேச ஆரம்பித்தால் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவாராம். மகன் இதைக் கோழைத்தனம் என்றானாம். கண்ணால் பார்த்தவருக்கு அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று தெரியும். பட்டாளத்துக்காரன் சண்டைக்கு ஆசைப்படுவான் என்று நினைப்பவர்கள் இவரிடம் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். நான் பார்த்த வரையில், போரைப் பற்றி வீராப்பாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியைத் தொட்டதே இல்லாதவர்கள்.

எல்லோரும் இப்படி நல்லதாகவே சொல்லவில்லை. ஒருவர் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார். பட்டாளம் தன்னை முரடனாக்கி அனுப்பிவிட்டது, பிள்ளைகளிடம் கட்டளை போட்டே பேசினேன், இன்றைக்கு அவர்கள் தொலைபேசியில்கூடக் கூப்பிடுவதில்லை என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இரவில் இன்னும் கத்தி எழுகிறார் என்று மட்டும் சொன்னார். இதற்குச் சங்கத்திடம் பதில் இல்லை. ஆனால் அவரை நீக்க வேண்டியவர்கள் பட்டியலில் வைப்பதா, நாம் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டியவர்கள் பட்டியலில் வைப்பதா என்று நீங்களே சொல்லுங்கள்.

தாய்மார்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். கேம்பு மாற மாற வீட்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். மறைந்த நம் உறுப்பினர் ஒருவரின் மனைவி, பஞ்சாயத்துப் பேச வந்த உறவினர்களிடம் தனியாக நின்று பேசி வீட்டுப் பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். இந்தத் துணிச்சல் எப்படி வந்தது என்று கேட்டேன். கணவர் மாதக்கணக்கில் காட்டில் இருக்கும்போது குவார்ட்டர்ஸில் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து பழகியதால் வந்தது என்றார். சேவை செய்தவர் ஒருவர், மாறியவர்கள் இருவர்.

நம் முன்னோர் கதையும் இதற்கு வெளியே இல்லை. 1943 இல் நேதாஜி அழைத்தபோது தோட்டத்திலிருந்து இந்திய தேசிய இராணுவத்துக்குப் போனவர்கள் துரைக்கு முன் கைகட்டி நின்றவர்கள். ஜான்சி ராணிப் படையில் துணைத்தளபதியாக இருந்த ஜானகி தேவர், பிறகு ஜானகி ஆதி நாகப்பன் ஆனவர், மலாயாவில் பிறந்த பெண்தான். போர் முடிந்து திரும்பியவர்கள் கைகட்டவில்லை. நமக்குப் பக்கத்தில் கெடாவில், பீடோங் வட்டாரத்தில், 1946, 47 இல் கள்ளுக்கடையை எதிர்த்தும் கூலி உயர்வு கேட்டும் எழுந்த தொண்டர் படையில் அவர்களும் இருந்தார்கள். வரிசையில் நிற்கக் கற்றவன் அநியாயத்துக்கு முன்னாலும் நேராக நிற்கிறான். நம் சங்கத்தில் அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் உண்டு. வீட்டில் பழைய படம், கடிதம் இருந்தால் கொண்டுவாருங்கள், படியெடுத்துத் திருப்பித் தருகிறேன்.

ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம் வைத்தோம். எதிர்பார்த்ததைவிடப் பெற்றோர்கள் அதிகம் வந்தார்கள். தேசிய சேவைப் பயிற்சி 2018 இல் நின்றுபோய், 2025 இல் 45 நாள் பயிற்சியாக மறுபடி வந்திருப்பதால் நிறையக் கேள்விகள். பட்டாளத்தில் நமக்கு இடம் இல்லை என்ற எண்ணம்தான் பெரிய தடை. அரச மலாய்ப் படைப்பிரிவு மலாய்க்காரர்களுக்கு மட்டும் என்பது உண்மை. ரேஞ்சர், கவசப்படை, பொறியியல், சமிக்ஞை, மருத்துவம், அப்புறம் கடற்படை, ஆகாயப்படை என்று மற்றவை எல்லா இனத்துக்கும் திறந்தவை. பதவி உயர்வைப் பற்றி ஒரு தாயார் கேட்டார். எளிது என்று நான் சொல்லவில்லை. போய் நின்றால்தான் இடம் கிடைக்கும் என்றேன்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. நன்கொடை இல்லாவிட்டால் தொட்டிருக்காது. உட்கணக்காய்வாளர்கள் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார்கள். வீடு தேடிப் போன பெட்ரோல் செலவைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: சங்கப் பணத்தில் எடுத்தது மிகக் குறைவு, மீதி எங்கள் இருவருடையது. பொதுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரம் அனுப்ப வேண்டும்; புதிய பொறுப்பாளர்கள் அடையாள அட்டை நகலை இன்றே கொடுத்துவிட வேண்டுகிறேன்.

சந்தா வருடத்துக்கு 24 வெள்ளி (ரிங்கிட்), மாதம் ஒரு தே தாரேக் செலவு. முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், செயலவை தள்ளுபடி செய்யும், யார் காதுக்கும் போகாது. முடிந்தும் தராதவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தத் தள்ளுபடியைச் சுமப்பது உங்கள் சந்தா.

தலைவர் ஐயா, துணைத்தலைவர் அண்ணன், பொருளாளர், மண்டபத்தை இலவசமாகத் தந்த ஆலய நிர்வாகம், பந்தலுக்குச் சாமான் தந்த கடைக்காரர்கள், சமைத்த தாய்மார்கள், புலனக் (வாட்ஸ்அப்) குழுவை நடத்தும் தம்பி எல்லோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறேன். இன்னும் பார்க்காத வீடுகள் நிறைய. சுங்கை பாக்காப், நிபோங் திபால் பக்கம் நாங்கள் போகவே இல்லை. எனக்கு இரவில் கார் ஓட்டக் கண் ஒத்துழைப்பதில்லை. துணைத்தலைவர் அண்ணனுக்கு முட்டி வலி. செயலாளர் பொறுப்பை இன்னும் ஒரு தவணை தொடர எனக்குச் சம்மதம். ஆனால் காரும் சனிக்கிழமை மாலையும் உள்ள, ஐம்பது வயதுக்குள் இருக்கிற இரண்டு பேர் எனக்கு வேண்டும். மனு எழுதத் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் சொல்லித்தருகிறேன். முன்வரிசையில் இருக்கும் சிலரை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

வரமுடியாதவர்கள் புலனத்தில் ஒரு வரி போடுங்கள். காரணம்கூட வேண்டாம், இருக்கிறேன் என்று மட்டும் போடுங்கள். பார்க்க வேண்டிய வீடுகளின் பட்டியல் கோப்பி மேசையில் இருக்கிறது. தெரிந்த பெயர் இருந்தால் பக்கத்தில் தொலைபேசி எண்ணை எழுதிவிட்டு, பிறகு பசியாறப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்